சோலார் பேனலுக்கு அடியில 25 செம்மறி: நிபோங் திபால்ல தைப்பூசத்துல இருந்து தீபாவளி வரைக்கும்

ஆடு வாங்குறதுக்கு முன்னாடி ஆறு வாரம் நானும் மாமாவும் ஆட்டப் பத்தி பேசவே இல்ல, கேபிளப் பத்தியேதான் பேசிட்டு இருந்தோம். இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா போன் போட்டு கேக்குறவங்க எல்லாரும் எத்தன ஆடு, என்ன ஜாதி, என்ன வெலைன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஆடு வாங்குறது ஒரு நாள் வேலை. அதுக்கு எடத்த தயார் பண்றதும், வந்த பெறகு தெனம் கண்ணுல வெச்சு பாக்குறதும்தான் மிச்சம் எல்லாமே.

எடம் மலேசியால, பினாங்கு மாநிலத்துல நிபோங் திபால் பக்கம், 8 ஏக்கர், முன்ன செம்பனை (எண்ணெய்ப்பனை) இருந்த நெலம். தவுக்கே (மொதலாளி) மரத்த சாய்ச்சிட்டு சோலார் போட்டுட்டாரு. நான் பக்கத்துல சுங்கை பாக்காப்ல இருக்கேன், வயர்மேன் லைசென்ஸ் இருக்கு, அங்க சின்னச் சின்ன வயரிங் வேலைக்கு போய் வந்துட்டு இருந்தேன், அப்படியே புல்லு வெட்டுற காண்ட்ராக்ட்டும் என் கைக்கு வந்துச்சு. நம்ம ஊரு மழைக்கு புல்லு வெட்டி மூணு வாரத்துல முழங்கால் ஒசரம், இன்னும் கொஞ்சம் விட்டா பேனலோட கீழ் விளிம்ப தொட்டுடும். பேனலுக்குள்ள செல்லுங்க சங்கிலி மாதிரி கோத்து இருக்கும், கீழ ரெண்டு மூணு செல்லு மேல புல்லு நெழல் விழுந்தாலே அந்த வரிசைல கரண்ட் எறங்கும், உள்ள இருக்குற டயோடு அந்தப் பகுதிய ஒதுக்கிட்டு மத்தத ஓட விடும், ஆனா ஒதுக்குன பகுதில இருந்து வர வேண்டிய கரண்ட் போனது போனதுதான். அதனால புல்லு வெட்டியே ஆகணும்.

வெட்டுறதுலதான் பிரச்சனை. தோள்ல மாட்டுற மெஷின்ல கல்லு தெறிக்கும். ஒரே வருசத்துல மூணு பேனல் கண்ணாடி போச்சு. அது டெம்பர்டு கண்ணாடி, ஒரு மூலைல பட்டா போதும், முழுசா சிலந்தி வலை மாதிரி நொறுங்கிடும், பாக்கவே மனசு கேக்காது. அப்பதான் களைக்கொல்லி மருந்து அடிச்சிடலாமேன்னு பேச்சு வந்துச்சு. நான் ஒத்துக்கல. எங்கம்மா எஸ்டேட்டுல இருபது வருசத்துக்கு மேல முதுகுல டின்ன கட்டிக்கிட்டு மருந்து அடிச்சவங்க, பாராகுவாட்டு, கையில நகம் எல்லாம் செத்துப் போயி, ராத்திரி மூக்குல ரத்தம் வந்து தலைகாணி நனைஞ்சத நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அந்த மருந்த 2020 ஜனவரி 1லதான் நம்ம நாட்டுல முழுசா தடை பண்ணாங்க. வேற மருந்து இருக்குன்னு சொல்லுவாங்க, இருக்கட்டும், என் காண்ட்ராக்ட்ல மருந்து கெடையாது.

ஆடு யோசனை மாமாவோடது. மாமாவுக்கு 68 வயசு, எஸ்டேட்டுல பால்மரம் (ரப்பர் மரம்) சீவுனவரு, அப்புறம் அதே எஸ்டேட்டுல பால்மரத்துக்கு அடியில செம்மறி விட்டப்ப ஆட்டுக்காரரா இருந்தவரு. 80கள்ல நம்ம நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பால்மரத்துக்கு அடியில செம்மறி விட்டா களை எடுக்குற செலவு கொறையும்னு சொல்லி அத பரப்புனாங்க, மாமா அந்தக் காலத்து ஆளு. அதனால சோலார் பேனலுக்கு அடியில ஆடுன்னு நான் போன்ல ஆஸ்திரேலியா வீடியோவ காட்டுனப்ப, நியூ சவுத் வேல்ஸ்ல பார்க்ஸ், டப்போ பக்கம் மெரினோ ஆடுங்க பேனல் நெழல்ல படுத்திருக்கிறத பாத்துட்டு, “மாப்ள, இது நம்ம பால்மரத்துக்கு அடியில மேய்ச்சதுதானே, மரத்துக்குப் பதிலா கண்ணாடி நிக்குது, அவ்வளவுதான்”னாரு. அந்த ஒரு பேச்சுலதான் எனக்கு தைரியம் வந்துச்சு.

எல்லாரும் ஏன் வெள்ளாடு இல்லன்னு கேட்டாங்க, நம்ம ஆளுங்களுக்கு வெள்ளாட்டுக் கறின்னா உசுரு. வெள்ளாடு ஏறும், பேனல் மேலயே ஏறி நிக்கும், தலைய தூக்கி எலை கடிக்கிற மாதிரி கேபிளயும் கடிக்கும். செம்மறி தலைய குனிஞ்சு மேயும். அதுலயும் ரோமம் கத்தரிக்க வேண்டாத ஜாதியா பாத்தோம், டார்ப்பரும் பார்படோஸும் கலந்தது. இந்த வெயிலுக்கு கம்பளி போத்துன ஆடு தாங்காது, கம்பளி போல்ட்டுலயும் கிளிப்புலயும் மாட்டவும் செய்யும்.

இப்ப கேபிளுக்கு வர்றேன். பேனலோட கீழ் விளிம்பு எங்க எடத்துல தரைல இருந்து 80 செண்டி. பெரிய டார்ப்பர் கிடா தோள் ஒசரம் கிட்டத்தட்ட 70, தலைய தூக்குனா அதுக்கும் மேல. பேனலுக்கு பின்னாடி எம்சி4 கனெக்டருங்க (பேனல் கேபிளுங்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற பிளக்கு) தொங்கிட்டு இருந்துச்சு, போட்டவங்க சாதா பிளாஸ்டிக் டைய வெச்சு கட்டியிருந்தாங்க, அது வெயில்லயும் சூட்டுலயும் காஞ்சு கையால தொட்டாலே உடையுது. ஆடு கடிக்காது சரி, ஆனா ஒரசும். முதுகு அரிச்சா தூண்ல போய் ஒரசும், காது அரிச்சா தொங்குற எதுலயாவது ஒரசும். தொங்குற கேபிள் வளையத்துக்குள்ள தலைய விட்டுட்டு இழுத்தா என்ன ஆகும்? அது டிசி, வரிசை முழுக்க சேந்தா 1000 வோல்ட் கிட்ட வரும், டிசில பொறி ஒரு தடவை புடிச்சா ஏசி மாதிரி தானா அணையாது, கனெக்டர் பாதி கழண்டு நின்னா அங்கயே எரிஞ்சுட்டு இருக்கும். அதனால ஒவ்வொரு வரிசையா குனிஞ்சு போயி, பழைய டைய எல்லாம் வெட்டி எடுத்துட்டு, பிவிசி பூசுன ஸ்டீல் டை போட்டு கேபிள ரெயிலோட ஒட்டி இழுத்துக் கட்டுனோம். கனெக்டர ஒண்ணக்கூட கழட்டல, வெளிச்சம் இருக்குற வரைக்கும் அதுல வோல்ட் இருக்கு, தவுக்கேயோட டெக்னீஷியன் கூட நின்னு பாத்தப்பதான் கை வெச்சோம். வரிசை முடிவுல மண்ணுக்குள்ள எறங்குற எடத்துல கேபிளுக்கு இரும்புக் கொழாய் போட்டு மூடிட்டோம், அங்கதான் ஆடு கூட்டமா நிக்கும்னு மாமா சொன்னாரு, அப்படியேதான் நிக்குது.

அதவிட நேரம் எடுத்தது கீழ கெடந்த துண்டு பொறுக்குறது. பேனல் போட்டவங்க கேபிள் தோல் உரிச்ச மிச்சம், செப்புக் கம்பித் துண்டு, டை வால், ஸ்க்ரூ எல்லாத்தையும் அப்படியே மண்ணுல விட்டுட்டுப் போயிருந்தாங்க. காந்தம் கட்டுன தள்ளுவண்டி ஒண்ணு செஞ்சு இழுத்தேன், இரும்பு எல்லாம் வந்துச்சு, ஆனா செம்பு காந்தத்துல ஒட்டாது. செம்மறிக்கு செம்பு விஷம் மாதிரி, மத்த மாடு ஆட்ட விட இதுக்கு தாங்குற சக்தி ரொம்பக் கம்மி, ஈரல்ல கொஞ்சம் கொஞ்சமா சேந்து சேந்து ஒரு நாள் ஒரேயடியா ரத்தத்துல எறங்கும், மூத்திரம் காப்பிக் கலர்ல போகும், அப்புறம் ஆடு தேறுறது கஷ்டம். அதனால மாமி, என் தங்கச்சி, நான், மாமா நாலு பேரும் ரெண்டு ஞாயித்துக்கெழம வரிசை வரிசையா உக்காந்து பொறுக்குனோம். ஒரு மைலோ டின் நெறைய செப்புக் கம்பி மட்டும் வந்துச்சு, தலமுடி தடிமன்தான் ஒவ்வொண்ணும், புல்லு வேர்ல சுத்திக்கிட்டு மினுக்கு மினுக்குன்னு. மாமா அந்த டின்ன இன்னும் கொட்டாய்ல தூக்கி வெச்சிருக்காரு, புதுசா வேலைக்கு வர்ற ஆளுக்கு காட்டுறதுக்கு.

இதே காரணத்துக்குத்தான் செம்பனைக் கொட்டை புண்ணாக்கு நாங்க கொடுக்குறது இல்ல. பிகேசின்னு மூட்டைல வரும், வெல கம்மி, மாட்டுக்கு நல்லா கொடுக்கலாம். தெரிஞ்சவரு ஒருத்தரு அன்பா ரெண்டு மூட்ட கொண்டாந்து எறக்குனாரு. அதுல செம்பு கூடுதலா இருக்கு, செம்மறிக்கு அதையே தீனியா போட்டு செத்துப் போன கதை நம்ம நாட்டுல பழைய கதை, மாமாவே எஸ்டேட்டுல பாத்திருக்காரு. மூட்டைய மாட்டுக்காரருக்கு கொடுத்துட்டோம்.

தைப்பூசத்துக்கு மாமா பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுத்துட்டு வந்தாரு, அது முடிஞ்ச அடுத்த வாரம்தான் ஆடு வரணும்னு சொல்லிட்டாரு, அப்படியே கெப்பாலா பத்தாஸ்ல இருந்து லோரில 24 பொட்டையும் 1 கிடாவும் வந்து எறங்குச்சு. பழைய எஸ்டேட்டு முனியாண்டி மரம் வேலிக்கு வெளியில இன்னும் நிக்குது, அங்க சூடம் கொளுத்திட்டுதான் லோரி கதவ தெறந்தோம்.

மேய விடுற மொறைக்கு எலக்ட்ரிக் வேலி வலை வாங்குனேன், கையால நட்டு எடுத்து மாத்துற மாதிரி. 8 ஏக்கர 10 துண்டாப் பிரிச்சு ஒரு துண்டுல மூணு நாள், இல்லன்னா நாலு நாள், அப்புறம் அடுத்தது. இந்த வலைதான் எனக்கு ரெண்டு பாடம் கத்துக் கொடுத்துச்சு, ரெண்டும் வயர்மேனுக்கு தெரிஞ்சிருக்க வேண்டியது. முத நாள் சாயங்காலம் டெஸ்டர வெச்சா அஞ்சு லைட்டுல ஒண்ணுதான் எரியுது. எனர்ஜைசர் (வலைக்கு கரண்ட் கொடுக்குற பெட்டி) கெட்டுப்போச்சுன்னு நெனச்சு கழட்டி தனியா டெஸ்ட் பண்ணா 7000 வோல்ட் அடிக்குது. மறுபடி மாட்டுனா எறங்கிடுது. டார்ச் அடிச்சுக்கிட்டு வலையோடவே நடந்தேன், ஏழாவது வரிசை முடிவுல காத்துக்கு வலை வளைஞ்சு பேனல் தூண்ல ஒட்டியிருக்கு, டிக் டிக்னு சின்ன சத்தம், நீலப் பொறி. தூணு எல்லாமே எர்த் பண்ணது, வலைல இருக்குற அவ்வளவு வோல்ட்டும் தூண் வழியா மண்ணுக்குப் போய்ட்டு இருந்துச்சு. இப்ப தூணுக்கும் வலைக்கும் நடுவுல ஒரு அடி விட்டு, ஃபைபர் குச்சி வெச்சு நிமித்திருக்கோம், வலைக்கு கீழ புல்ல ஒரு அடி அகலத்துக்கு வெட்டி விடுறோம், மழைல நனைஞ்ச புல்லு பட்டாலும் இதே மாதிரி வோல்ட் எறங்கும்.

ரெண்டாவது, எனர்ஜைசரோட எர்த் ராட நான் வசதிக்காக வரிசைக்கு பக்கத்துலயே அடிச்சிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு தவுக்கே கூப்பிடுறாரு, இன்வெர்ட்டர் டேட்டா விட்டு விட்டு வருதுன்னு. வேலியோட எர்த்து மத்த கரண்ட் எர்த்துல இருந்து குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி இருக்கணும், நான் ரெண்டு மீட்டர்ல அடிச்சிருக்கேன். 15 மீட்டர் தள்ளி, எப்பவும் ஈரமா இருக்குற லோங்காங் (தண்ணி ஓடுற கால்வாய்) ஓரத்துல மூணு ராடு அடிச்சதும் டேட்டாவும் சரியாச்சு, வேலியும் முன்ன விட நல்லா அடிச்சுது.

புல்லப் பத்தி சொல்லணும். ரும்புட் இஸ்ராயேல்னு சொல்றோமே அந்த வெள்ளப் பூ கொடி, அத எறங்குன ஒடனே தேடிப் புடிச்சு தின்னுச்சுங்க, மூணு நாள்ல ஒரு துண்டுல அது இல்லாம போச்சு. தொட்டாச்சிணுங்கி, முள்ளோடவே தின்னுது. லாலாங் புல்லு முத்திட்டா தொடாது, வெட்டி விட்டு துளிர் வந்தா மேயும். செண்டுடுக்னு ஒரு புதர்ச் செடி, அத சீண்டவே இல்ல, பாராங் கத்தில நாங்கதான் வெட்டுறோம். அதனால மெஷின் வேலை முழுசா நின்னு போகல, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மிச்சத்த வெட்டுறோம். அப்புறம் பேனல்ல இருந்து மழைத் தண்ணி சொட்டுற கோடு இருக்கு பாருங்க, கீழ் விளிம்புக்கு நேர் கீழ, அங்க புல்லு எப்பவும் ஒரு பிடி அதிகம், பச்சையும் அதிகம், காலைல தெறந்து விட்டா ஆடு எல்லாம் ஒரே வரிசையா அந்தக் கோட்ட புடிச்சுக்கிட்டே மேயும், பாக்க அவ்வளவு அழகா இருக்கும்.

ஒரு துண்டுல மட்டும் சரிவுல மண்ணு சரியாம இருக்க சிக்னல் புல்லு போட்டிருந்தாங்க. எனக்குத் தெரியாது. அங்க மேய்ஞ்ச ஒரு வாரத்துல ரெண்டு எளம் ஆட்டுக்கு காது வீங்கி தொங்குது, கண்ணுல மஞ்ச, வெயில்ல நிக்க மாட்டேங்குது. வெட்டினரி ஆபிஸ்ல இருந்து வந்தவரு பாத்த ஒடனே புல்லக் கேட்டாரு. அந்தப் புல்லுல இருக்குற ஒண்ணு செம்மறி ஈரல கெடுத்து, வெயில் பட்டா தோல வேக வெச்சிடும். ஒண்ணு பொழச்சுது, ஒண்ணு போயிடுச்சு. அந்தத் துண்டுக்கு இப்ப நெரந்தரமா வேலி, மெஷின் மட்டும்தான், ஆட்டுக்கு 9 துண்டு.

ஆனா ரொம்ப நேரம் எடுத்து சொல்ல வேண்டியது புழுவப் பத்திதான். 2021ல அமெரிக்கா ஒரிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்காரங்க பேனல் நெழல்ல மேஞ்ச குட்டியும் தெறந்த வெளில மேஞ்ச குட்டியும் ஒப்பிட்டு பாத்திருக்காங்க, நெழல்ல புல்லு கம்மியா வந்தாலும் சத்து கூட, குட்டி வளத்தி ரெண்டுலயும் கிட்டத்தட்ட சமம். அது நல்ல சேதி. ஆனா அது குளிர் நாடு. நம்ம ஊருல நெழலும் ஈரமும் சேந்தா ஆட்டுக்கு மட்டுமா சொகம், புழுவுக்கும்தான். ஹீமாங்கஸ்னு ஒண்ணு, வயித்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் உறிஞ்சும். ஆட்டுப் புழுக்கைல விழுற முட்ட நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரு வாரத்துக்குள்ள புல்லு நுனிக்கு ஏறுற புழுவா ஆயிடும். அதுக்குள்ள ஆட்ட அந்தத் துண்டுல இருந்து எடுத்துடணும், எடுத்தா ஒரு மாசத்துக்கு திரும்ப விடக்கூடாது, இந்த ஊரு சூட்டுல அந்தப் புழு சாப்பாடு இல்லாம அவ்வளவு நாள் தாக்குப் புடிக்காம பெரும்பாலும் செத்துடும். மூணு நாலு நாள் கணக்கு வந்தது இதனாலதான், புல்லுக்காக இல்ல.

மே மாசம் நான் அந்தக் கணக்க ஒடச்சேன். வேற எடத்துல வயரிங் வேலை நெருக்கடி, மாமாவுக்கும் கால் வலி, ஒரே துண்டுல 11 நாள் விட்டுட்டோம், புல்லு இருக்குதே, இருக்கட்டும்னு. அடுத்த மாசம் ஒரு பொட்டைக்கு தாடைக்கு கீழ தண்ணி கோத்து பை மாதிரி தொங்குச்சு. மாமா அத கால் நடுவுல இடுக்கிக்கிட்டு, கட்ட வெரலால மேல் இமைய அமுக்கி, கீழ் இமைய இழுத்துக் காட்டுனாரு. செவப்பா இருக்க வேண்டிய சதை, சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளையா இருக்கு. “பாரு மாப்ள, ரத்தமே இல்ல இதுக்கு.” அந்த ஆட்ட காப்பாத்த முடியல. மத்தத ஒண்ணு ஒண்ணா புடிச்சு பாத்தோம், ஆறு ஆட்டுக்கு வெளுத்துப் போயிருந்துச்சு.

மாமா கண்ணால பாத்து பழகுனத தென் ஆப்பிரிக்காவுல ஒரு அட்டையா போட்டிருக்காங்க, ஃபமாச்சான்னு பேரு, அஞ்சு கலர், செவப்புல இருந்து வெள்ள வரைக்கும். இப்ப அந்த அட்டைய கொட்டாய்ல ஆணி அடிச்சு தொங்க விட்டிருக்கேன், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ எல்லா ஆட்டுக்கும் கண்ணு பாக்குறோம், மழை மாசத்துல வாரா வாரம். வெளுத்ததுக்கு மட்டும்தான் மருந்து, எல்லாத்துக்கும் ஊத்துறது இல்ல, ஊத்துனா மருந்துக்கு பழகுன புழுதான் மிஞ்சும், நம்ம நாட்டுல நெறைய பண்ணைல அப்படி ஆகிப்போச்சு. காலைல பனி காஞ்ச பெறகுதான் தெறக்குறோம், ஈரப் புல்லு நுனிலதான் புழு ஏறி நிக்கும்.

ராத்திரிக்கு கொட்டாய்தான், தரைல இருந்து தூக்கிக் கட்டி, பலகை போட்டு, பலகைக்கு நடுவுல ஒண்ணரை செண்டி எடவெளி, புழுக்கை கீழ விழணும் கால் மாட்டக்கூடாது. முதல்ல அது இல்ல, வலைக்குள்ளயே படுக்க விட்டோம். ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி தெரு நாய்ங்க கூட்டமா வேலிக்கு கீழ லோங்காங் வழியா உள்ள வந்து ரெண்டு பொட்டைய கடிச்சுப் போட்டுச்சு, ஒண்ணு சென. ஜாகா (காவலாளி) சத்தம் கேட்டு ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. காலைல மாமா ஒண்ணும் பேசல, ரெண்டையும் கோணில சுத்தி தூக்கிட்டு வந்து, அந்த வாரமே பலகை வாங்க கெளம்பிட்டாரு.

லோங்காங்ல நான் இரும்பு வலை வெல்டிங் பண்ணி அடச்சேன். அக்டோபர் மழைல குப்பை எல்லாம் வந்து வலைல ஒட்டி, தண்ணி திரும்பி ரெண்டு வரிசை முழுக்க முழங்கால் தண்ணி. அத வெட்டி எடுத்துட்டு, மேல கீல் வெச்ச கதவு மாதிரி மாத்துனேன், உள்ள இருந்து தண்ணி தள்ளுனா வெளிய தெறக்கும், குப்பையும் போயிடும், வெளிய இருந்து நாய் தள்ளுனா உள்ள தெறக்காம ஒரு கம்பி தடுக்கும். அதுக்கப்புறம் ரெண்டு பெரிய மழை வந்துச்சு, தண்ணி நிக்கல, நாயும் வரல.

ஆடு வந்ததுல இருந்து கண்ணாடி ஒண்ணு கூட ஒடையல. ஹரி ராயா ஹஜிக்கு (பக்ரீத்) கேட்டு வந்தவங்களுக்கு மாமா கிடாவும் கொடுக்கல பொட்டையும் கொடுக்கல, இன்னும் ஒரு ஈத்து வரட்டும்னுட்டாரு. தீபாவளி அன்னிக்கு எண்ண தேச்சுக் குளிச்சிட்டு அஞ்சரைக்கெல்லாம் மாமா கொட்டாய்க்கு போயிட்டாரு, நான் பலகாரத்தோட போய் பாத்தா பார்படோஸ் ஜாடைல ரெட்டக் குட்டி, ரெண்டும் பொட்டை, தாய் நக்கிட்டு இருக்கு, மாமா புது வேட்டியோட பலகைல உக்காந்து தாயோட கீழ் இமைய இழுத்து பாத்துட்டு இருக்காரு. நல்ல செவப்பு.

ஓரத்துல இன்னொரு லோங்காங் இருக்கு, சின்னது, இப்போதைக்கு கல்லு போட்டு அடச்சு வெச்சிருக்கேன். வர்ற சனிக்கெழம வெல்டிங் கடைக்காரரு வர்றாரு, அதுக்கும் அதே கதவு, 60க்கு 45 செண்டி.